மருந்து தெளிக்கும் உடையைத் துவைப்பதும் பாதுகாப்பதும்

பருத்தியில் காய்ப்புழு, கத்தரியில் தண்டு துளைப்பான், நெல்லில் புகையான் என்று பூச்சி தலைகாட்டியவுடன் விவசாயி தேடுவது தெளிப்பானைத்தான். எந்த மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு, டேங்குக்கு எத்தனை மில்லி என்றெல்லாம் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். ஆனால் எதை உடுத்திக்கொண்டு தெளிப்பது, தெளித்து முடித்தபின் அந்த உடையை என்ன செய்வது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

சாயங்காலம் வீடு திரும்பியதும் மருந்து பட்ட சட்டை ஆணியில் மாட்டப்படுகிறது. பக்கத்து ஆணியில் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை தொங்குகிறது. மறுநாள் காலையில் இரண்டும் ஒரே வாளியில் ஊறுகின்றன. வீட்டு அம்மாள் வெறுங்கையால் கசக்கிப் பிழிந்து கொடியில் போடுகிறார். வயலில் பூச்சிக்கென்று கொண்டு போன விஷம் இப்படித்தான் சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து தெளித்தவர்கள் சிலர் இறந்தார்கள். எனவே இது அலட்சியப்படுத்தக்கூடிய விஷயம் அல்ல. நல்ல உடை வேண்டும். அந்த உடை ஒவ்வொரு நாளும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். அழுக்கான பாதுகாப்பு உடை, உடை இல்லாததைவிடக் கெடுதலாகவும் முடியலாம்.

விஷம் ஏறும் வழி

மருந்து வாய் வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் உடம்புக்குள் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். தெளிப்பவர் உடம்பில் பெரும்பகுதி மருந்து சேர்வது தோல் வழியாகவே. தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாரத்தியான் என்னும் மருந்தை மனிதத் தோலில் பல இடங்களில் தடவிப் பார்த்து, எங்கே எவ்வளவு உட்செல்கிறது என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 1971ல் வெளியிட்டார்கள். முன்கையில் தடவியதில் 100க்கு சுமார் 9 பங்கு உள்ளே சென்றது. உள்ளங்கையில் சுமார் 12 பங்கு. நெற்றியில் 36 பங்கு. அக்குளில் 64 பங்கு. விதைப் பையின் தோலில் தடவியது அநேகமாக முழுவதுமே உள்ளே சென்றுவிட்டது.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். முதுகில் தெளிப்பான் கசிந்தால் மருந்து வழிந்து இடுப்புக்கும் தொடை இடுக்குக்கும் இறங்குகிறது. வளர்ந்த பயிருக்குள் நடக்கும்போது இலையில் உள்ள மருந்து லுங்கியை நனைக்கிறது. உடம்பில் மிக எளிதாக விஷம் ஏறும் இடத்தில்தான் இந்த ஈரத்துணி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. மருந்தில் நனைந்த துணியை உடுத்தியிருப்பது, விஷத்தை எடுத்துப் பற்றுப் போட்டுக்கொள்வது போலத்தான். நேற்றுத் தெளித்த சட்டையைத் துவைக்காமல் இன்றும் போட்டுக்கொண்டால், வியர்வை பட்டவுடன் நேற்றைய மருந்தும் சேர்ந்து தோலில் இறங்கும்.

என்ன உடை வேண்டும்?

1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் பாதுகாப்பு உடை பற்றித் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மேலுடையும் தலை மறைப்பும், முன்கையில் பாதி தூரம் வரை வரும் ரப்பர் கையுறை, தூசு புகாத கண்ணாடி, பூட்ஸ் ஆகியவை சேர்ந்ததுதான் முழு உடை. ஒவ்வொரு முறை உபயோகித்த பிறகும் விஷம் நீங்கும்படி துவைக்கக்கூடிய துணியாக அது இருக்க வேண்டும் என்றும் அந்த விதி கூறுகிறது.

நம் வெயிலில் பிளாஸ்டிக் அங்கியை உடம்பு முழுதும் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் நிற்க முடியாது என்பது உண்மைதான். அதற்காக வெற்றுடம்போடு தெளிக்கலாம் என்பதில்லை. அழுத்தமாக நெய்த பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை வரும் கால்சட்டை, தலைக்குத் துணித் தொப்பி அல்லது முண்டாசு, கையுறை, ரப்பர் பூட்ஸ், கண்ணாடி, முகமூடி இவை கட்டாயம் வேண்டும். மருந்தைப் பாட்டிலிலிருந்து ஊற்றிக் கலக்கும்போது மட்டும் முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் சீலையைக் கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை கட்டிக்கொள்ளவும். தண்ணீர் கலக்காத மருந்துதான் மிகக் கடுமையானது என்பதால், கலக்கும் அந்தச் சில நிமிடங்களே அதிக ஆபத்தானவை. டேங்க் வைக்கும் முதுகுப் பக்கத்துக்கும் இதேபோல ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொள்வது நல்லது. மருந்து வந்த பையை மட்டும் இதற்கு உபயோகிக்கக் கூடாது.

தெளிக்கும் உடை என்று இரண்டு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று உதவும். அதை வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம். தோல் செருப்பும் தோல் பெல்ட்டும் மருந்தை உறிஞ்சிக்கொண்டால் பிறகு எப்படிக் கழுவினாலும் போகாது. எனவே தெளிக்கும்போது அவை வேண்டாம்.

கால்சட்டையைப் பூட்ஸுக்குள் செருகாமல், பூட்ஸுக்கு மேலே தொங்கவிட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கிப் பாதத்தில் தேங்கி நிற்கும். குட்டைப் பயிருக்குக் கீழ்நோக்கித் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். மரத்துக்கு மேல்நோக்கித் தெளிக்கும்போது சட்டைக் கையைக் கையுறைக்குள் விட்டு, கையுறையின் விளிம்பை வெளியே மடித்து விடவும். வழிந்து வரும் சொட்டு அந்த மடிப்பில் தங்கிவிடும்.

கழற்றும் முறை

தெளிப்பு முடிந்ததும் பலர் முதலில் கையுறையைக் கழற்றி எறிகிறார்கள். பிறகு வெறுங்கையால் நனைந்த சட்டையையும் பூட்ஸையும் கழற்றுகிறார்கள். இது தவறு.

கையுறை கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டு அதன் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும். அதோடு பூட்ஸின் வெளிப்புறத்தையும் கழுவி விடவும். பிறகு பூட்ஸ், தொப்பி, கண்ணாடி, முகமூடி, சட்டை, கால்சட்டை ஆகியவற்றைக் கழற்றவும். கடைசியாகக் கையுறையை மறுபடி ஒருமுறை கழுவிவிட்டு, விரல் நுனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்தி உருவவும்.

உடனே சோப்புப் போட்டுத் தலைக்கும் சேர்த்துக் குளிக்க வேண்டும். நக இடுக்கையும் காதோரத்தையும் மறக்க வேண்டாம். குளித்து, மாற்றுடை உடுத்திய பிறகே பீடி, வெற்றிலை, டீ, சாப்பாடு எல்லாம். வாய்க்காலிலும் குளத்திலும் இறங்கி மருந்தைக் கழுவக் கூடாது. வாளியில் தண்ணீர் மொண்டு தள்ளி வந்து குளிக்கவும்.

கழற்றிய துணியை வீட்டுக்குள் கொண்டு போக வேண்டாம். மாட்டுத் தொழுவத்திலும் தொங்கவிட வேண்டாம். மாடு நக்கிவிடும். இதற்கென்று வைத்த பிளாஸ்டிக் வாளியில் போட்டு, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்து அன்றைக்கே துவைத்துவிட வேண்டும். நாள் தள்ளத் தள்ள மருந்து நூலிழைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்று எளிதில் போகிற விஷம், இரண்டு நாள் கழித்துத் துவைத்தால் அவ்வளவும் போகாது.

துவைக்கும் முறை

மருந்தின் வகையைப் பொறுத்துத் துவைப்பும் மாறும். நீரில் கரையும் மருந்தும், நீரில் கலக்கும் தூள் மருந்தும் தண்ணீருக்கே பெரும்பாலும் இளகிக் கொடுக்கும். லேபிளில் இ.சி. என்று போட்டிருக்கும் மருந்து அப்படி அல்ல. அது எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்துச் செய்யப்பட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டவர் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் பிசுக்குப் போகுமா? சீயக்காய் வேண்டாமா? அதுபோல இ.சி. மருந்து பட்ட துணிக்குச் சூடான தண்ணீரும் தாராளமான சோப்பும் அவசியம்.

முறை வருமாறு:

1. துவைப்பவர் யாராக இருந்தாலும் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். தெளித்தவரே துவைத்துவிடுவது மிக நல்லது. கர்ப்பிணிகளிடமும், பால் கொடுக்கும் தாய்மாரிடமும், சிறுவர்களிடமும் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. சலவைக்குப் போடுவதாக இருந்தால், மருந்து பட்ட துணி என்று சலவைத் தொழிலாளியிடம் சொல்லாமல் போடுவது பாவம்.

2. சட்டைப் பையையும், கால்சட்டை மடிப்பையும் வெளியே எடுத்து உதறிவிடவும். தூள் மருந்தும் குருணை மருந்தும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இதை வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்ய வேண்டும்.

3. முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும். பாதி வேலை இந்த முதல் அலசலிலேயே முடிந்துவிடும்.

4. பிறகு சூடான தண்ணீரில் சோப்புத் தூள் கரைத்து ஊறவைக்கவும். கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கும் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கும் சேர்த்தால் சுமார் 60 டிகிரி சூடு கிடைக்கும். இதுவே போதும். கை பொறுக்காத சூடு என்பதால் தடியால் புரட்டிவிடவும். துணியை அடுப்பில் வைத்து வேகவைக்கக் கூடாது. எழும் ஆவியைச் சுவாசிக்க நேரிடும்.

5. ஆறியதும் கசக்கித் துவைத்து, அலசவும். பிறகு புதுத் தண்ணீர், புது சோப்பு போட்டு இன்னொரு முறை துவைக்கவும். இ.சி. மருந்துக்கு இந்த இரண்டாவது துவைப்பை விடக் கூடாது.

6. ஒரு வாளியில் ஒன்றிரண்டு துணிக்கு மேல் திணிக்க வேண்டாம். நிறையத் தண்ணீரில் கொஞ்சம் துணி என்பதுதான் கணக்கு. வீட்டுத் துணிகளை இதோடு சேர்க்கவே கூடாது.

7. நல்ல வெயிலில் கொடியில் விரித்துக் காயப்போடவும். மிச்சம் மீதி இருக்கும் மருந்தைச் சூரிய ஒளி ஓரளவு சிதைக்கும். வீட்டுத் துணி காயும் கொடி வேறாக இருக்கட்டும்.

வீட்டில் துவைக்கும் இயந்திரம் இருந்து அதில் போடுவதானால், முழு அளவு தண்ணீர் வைத்து, இந்தத் துணியை மட்டும் போடவும். முடிந்ததும் துணி இல்லாமல் சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு ஒருமுறை ஓட்டிய பிறகே வீட்டுத் துணியைப் போட வேண்டும்.

வாடை போய்விட்டது, ஆகவே விஷமும் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பல மருந்துகளின் வாடை கரைப்பானின் வாடைதான். அது பறந்துபோன பிறகும் மருந்து துணியில் இருக்கலாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் விஷம் முறிந்துவிடும் என்று நம்பி, சோப்பைக் குறைப்பதும் சரியல்ல.

அலசிய தண்ணீரைக் கிணற்றடியிலோ, வாய்க்காலிலோ, குளத்திலோ, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியின் பக்கத்திலோ கொட்டக் கூடாது. பைரித்திராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். கிணற்றுக்குத் தொலைவில், தண்ணீர் ஓடிப்போகாத தரிசு மேட்டில் பரவலாக ஊற்றிவிடவும்.

கஞ்சி போட்டால் நல்லது

வடித்த கஞ்சியை வீணாக்காமல் சட்டைக்குப் போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். தெளிக்கும் உடைக்கும் இது பெரிதும் உதவுகிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990களில் மெத்தில் பாரத்தியான் மருந்தை வைத்து ஆராய்ந்தபோது, கஞ்சிப் பசை ஏற்றிய துணியில் துவைத்த பிறகு மிஞ்சும் மருந்து குறைவாக இருந்தது தெரியவந்தது. காரணம் எளிது. மருந்து நூலில் ஏறுவதற்கு முன் கஞ்சியில் ஒட்டிக்கொள்கிறது. துவைக்கும்போது கஞ்சி கரைந்து வெளியேற, மருந்தும் அதோடு போய்விடுகிறது.

எனவே ஒவ்வொரு துவைப்பின் கடைசியிலும் சட்டை, கால்சட்டை இரண்டுக்கும் அழுத்தமாகக் கஞ்சி போட்டுக் காயவைக்கவும். ஒரு துவைப்போடு கஞ்சி போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். கஞ்சி போட்டதால் கையுறையும் பிளாஸ்டிக் சீலையும் வேண்டாம் என்று ஆகிவிடாது.

கையுறை, பூட்ஸ், முகமூடி

துணிக்கு வெயில் நல்லது. ரப்பருக்கு வெயில் எதிரி. இந்த வித்தியாசத்தை நினைவில் வைக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் ரப்பர் விறைத்து, நுண்ணிய வெடிப்பு விட்டுவிடும். கடலில் மூழ்குபவர்கள் அணியும் ரப்பர் உடை நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அவர்கள் கரையேறியதும் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் திருப்பி, நிழலில் காயவிட்டு, மடிக்காமல் தொங்கவிடுகிறார்கள். விலை கூடிய அந்த உடை பல ஆண்டு உழைப்பது இந்தப் பராமரிப்பால்தான். நம் கையுறைக்கும் பூட்ஸுக்கும் அதே விதிதான்.

கையுறை நைட்ரில் அல்லது நியோபிரீன் ரப்பரில், உள்ளே துணி வைக்காததாக வாங்கவும். உள்ளே துணி இருந்தால் ஒருமுறை நனைந்த மருந்து அதிலேயே தங்கும். மருத்துவமனையில் போடும் மெல்லிய கையுறை இதற்குப் போதாது. சாதாரண ரப்பர் கையுறையை இ.சி. மருந்தின் கரைப்பான் ஊடுருவிவிடும். துணிக் கையுறையும் தோல் கையுறையும் கூடவே கூடாது.

வெளிப்புறம் கழுவிய கையுறையை உள்புறம் திருப்பி, அதையும் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் தொங்கவிடவும். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் நிரப்பி, வாயைச் சுருட்டிப் பிடித்து மெதுவாக அழுத்தினால், ஊசிமுனை ஓட்டையிலும் சொட்டு வெளியே வரும். வாயால் ஊதிப் பார்க்கக் கூடாது. ஓட்டையான கையுறையை ஒட்டுப் போட்டு மருந்துக்கு உபயோகிக்க வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் விட்டு ரப்பரைத் துடைத்தால் அது ஊதி, இளகிக் கெட்டுவிடும்.

பூட்ஸைக் கழுவித் தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் வடியவிடவும். மறுநாள் காலை விடும்போது உள்ளே தட்டிப் பார்த்துவிட்டு விடவும். தேள், பூரான் ஒதுங்கியிருக்கலாம். கண்ணாடியையும் அதன் பட்டையையும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நெற்றியில் ஒட்டும் பட்டை ஊறிப் போயிருந்தால் மாற்றிவிடவும்.

முகமூடியில் கரி நிரப்பிய டப்பி வைத்தது இருந்தால், டப்பியைக் கழற்றிவிட்டு ரப்பர் பாகத்தை மட்டும் கழுவவும். டப்பி நனைந்தால் வீணாகிவிடும். காற்றுப் புகாத பையில் கட்டி வைக்கவும். காற்றில் திறந்து கிடந்தால் தெளிக்காத நாளிலும் அது தீர்ந்துகொண்டே வரும். முகமூடி மாட்டியிருக்கும்போது மருந்து வாடை தெரிந்தால் டப்பியை மாற்ற வேண்டும் என்று பொருள். மூக்கில் கட்டும் துண்டு தூசியை ஓரளவு தடுக்கும். ஆவியைத் தடுக்காது. நனைந்த துண்டோ மூக்குக்கு நேராக மருந்தைப் பிடித்து வைப்பதற்குச் சமம்.

எல்லாம் காய்ந்த பிறகு ஒரு பெட்டியிலோ மூடியுள்ள டின்னிலோ தனியாக வைக்கவும். மருந்துப் பாட்டிலுடன் சேர்த்து வைக்கக் கூடாது. அரிசி மூட்டை, தீவனம் இருக்கும் அறையும் ஏற்றதல்ல.

துவைத்தும் பயனில்லாத துணி

தண்ணீர் கலக்காத மருந்து பாட்டிலோடு கவிழ்ந்து துணியை நனைத்துவிட்டால், அந்தத் துணியைத் துவைத்து மீண்டும் உடுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். எத்தனை முறை துவைத்தாலும் முழுதும் போகாது. முக்கியமாக, லேபிளில் சிவப்பு முக்கோணமோ மஞ்சள் முக்கோணமோ உள்ள மருந்தாக இருந்தால் சட்டையின் விலையைப் பார்க்கக் கூடாது. நம் நாட்டில் சிவப்பு மிகக் கொடிய விஷத்தையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலம், பச்சை படிப்படியாகக் குறைந்த விஷத்தையும் குறிக்கும். பச்சை என்றாலும் மருந்து மருந்துதான்.

அப்படிப்பட்ட துணியைக் கையுறை போட்டுக்கொண்டு கிழித்து, யாரும் எடுத்து உடுத்த முடியாதபடி செய்து, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தொலைவில் ஆழமாகப் புதைத்துவிடவும். எரித்தால் புகையும் விஷமாகும். பொறுக்கிப் போகிறவர் கைக்குக் கிடைக்கும்படி குப்பையில் போடுவதும் தகாது.

உடல்நலம் கெட்டால்

தெளிக்கும்போதோ அன்று இரவோ தலைவலி, அதிக வியர்வை, எச்சில் ஊறுதல், வாந்தி, கண் மங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஏற்பட்டால் வெயிலின் களைப்பு என்று படுத்துவிடக் கூடாது. உடனே உடையைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். உடையைக் களையாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினால், வழி நெடுக விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். உதவி செய்பவரும் வெறுங்கையால் அந்தத் துணியைத் தொடக் கூடாது. 108 ஆம்புலன்சை அழைத்து, மருந்தின் லேபிளையோ பாட்டிலையோ கையோடு கொண்டு போகவும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க முடியும்.

கூலிக்குத் தெளிப்பவர்கள்

சொந்த நிலத்தில் தெளிப்பவர் பருவத்துக்குச் சில நாள்தான் மருந்தோடு புழங்குகிறார். கூலிக்குத் தெளிப்பவர் நாள்தோறும் ஒரு தோட்டம், ஒரு மருந்து என்று மாறி மாறித் தெளிக்கிறார். ஒரே சட்டையில் பல மருந்துகள் சேருகின்றன. அவருக்குக் கையுறையும் ஒரு கட்டி சோப்பும், குளிக்கத் தண்ணீரும் கொடுப்பது நிலத்துக்காரரின் கடமை. கூலி பேசும்போதே இதையும் பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

தெளிப்பானின் நாசிலுக்கும் வாஷருக்கும் செலவழிக்கிறோம். டேங்கைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறோம். அதைத் தூக்குகிற முதுகுக்கும் அதே கவனம் வேண்டாமா? ஒரு ஜோடி கையுறை, இரண்டு ஜோடி பழைய பருத்தி உடை, கொஞ்சம் சோப்பு, வடித்த கஞ்சி இவைதான் செலவு. அடுத்த முறை மருந்து வாங்கக் கடைக்குப் போகும்போது கையுறையும் சேர்த்து வாங்கி வாருங்கள். அன்று மாலையே சட்டையைத் துவைத்து, தனிக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். பயிரைக் காப்பாற்றியவர் தன்னையும், தன் வீட்டாரையும் காப்பாற்றியவர் ஆவார்.